சான்றிதழ் அசல், கல் வேறு: லேப் வைர மோதிரம் வாங்கப் போகிறவர்களுக்கு

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு 74,000 ரூபாய் கொடுத்து ஒரு லேப் வைர மோதிரம், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பதித்த மோதிரம் வாங்கினோம். அதில் இருந்தது வைரமே இல்லை என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எப்படி ஏமாந்தோம் என்பதை முழுதாகச் சொல்கிறேன். ஏனென்றால் நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்தோம், ஒன்றைத் தவிர.

எங்களுக்குக் கோவை. தை மாதம் நிச்சயம் வைத்திருந்தோம். பெண்ணுக்கு ஒற்றைக்கல் மோதிரம் போட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. இயற்கை வைரத்தில் நல்ல தரமாக ஒரு கேரட் என்றால் லட்சங்களில் போகும், அது அவன் சம்பளத்துக்குத் தாங்காது. லேப் வைரம் என்று முடிவெடுத்தபோது அத்தைக்குப் பிடிக்கவில்லை. "வைரம்னா ப்ளூ ஜாகரா பார்த்து வாங்கணும் கண்ணு, மிஷின்ல செஞ்ச கல்லு எதுக்கு?" என்றார். ப்ளூ ஜாகர் என்பது பழைய ஆட்கள் விரும்பிக் கேட்கும் ஒரு இயற்கை வைர ரகம். நான்தான் அவரிடம் வாதாடினேன். மண்ணுக்கடியில் உருவானதும் கார்பன்தான், ஆய்வகத்தில் வளர்ந்ததும் கார்பன்தான். ஒன்று அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் வளர்ப்பார்கள், இல்லையென்றால் வாயுவிலிருந்து படலம் படலமாகப் படியவிட்டு வளர்ப்பார்கள். கடினமும் மின்னலும் ஒன்றேதான். இதற்கென்று சென்னை ஐஐடியில் ஒரு மையம் அமைக்க மத்திய அரசு 242 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அதில் எதையும் இன்றும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். லேப் வைரம் போலி இல்லை. எங்களுக்குக் கொடுத்த கல்தான் போலி.

கடையில் வெள்ளைக் காகிதத்தில் மூன்று கற்களை வைத்துக் காட்டினார்கள். வட்டக் கல், 1.02 கேரட், நிறம் எஃப், தெளிவு விஎஸ்1 (இரண்டுமே நல்ல தரம்) என்று, ஐஜிஐ என்ற வைரப் பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழோடு இருந்ததைத் தேர்ந்தெடுத்தோம். "கல்லோட விளிம்புல சர்டிபிகேட் நம்பரே லேசர்ல எழுதியிருக்கும் மேடம்" என்றார் விற்பனையாளர். சரி என்று தலையாட்டினேன். காட்டுங்கள் என்று கேட்கவில்லை. முன்பணம் 40,000. கல் கடையிலேயே தயாராக இருந்தது, பட்டறைக்குப் போய் மோதிரத்தில் பதித்து 15 நாளில் வரும் என்றார்கள்.

மோதிரத்தை வாங்கப் போன அன்று தம்பி எல்லாவற்றையும் சோதித்தான். தங்கத்தில் இருந்த எச்யுஐடி என்ற ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணை அரசின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டான், 18 கேரட் என்று சரியாக வந்தது. சான்றிதழ் எண்ணை ஐஜிஐ தளத்தில் போட்டான், எடை, நிறம், தெளிவு எல்லாம் அப்படியே இருந்தன. கடைக்காரர் வைரமா என்று பார்க்கும் டெஸ்டர் பேனாவைக் கல்லில் வைத்தார், பீப் என்றது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று நினைத்தோம்.

ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இணையதளம் அந்தத் தாள் அசல் என்று சொல்லும், தாளில் உள்ள கல்தான் மோதிரத்தில் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? டெஸ்டர் பேனா கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதைத்தான் பார்க்கிறது. மாய்ஸனைட் என்ற சிலிக்கான் கார்பைடு கல்லும் கிட்டத்தட்ட அப்படியே சூட்டைக் கடத்தும், அதற்கும் பீப் அடிக்கும். அமெரிக்கன் டைமண்டை அந்தப் பேனா பிடித்துவிடும், மாய்ஸனைட்டைச் சூட்டை மட்டும் பார்க்கும் பேனா பிடிக்காது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நிச்சயம் நன்றாக நடந்தது. பங்குனியில், கல்லைப் பிடித்திருக்கும் நான்கு நகங்களில் ஒன்று புடவை நூலை இழுக்கிறது என்று தம்பிக்குப் பார்த்திருந்த பெண் மோதிரத்தை என்னிடம் கொடுத்தாள். அதே கடைக்குப் போயிருந்தால் தேய்த்துக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. வீட்டுக்குப் பக்கத்தில் என்று, அம்மாவின் வைரத்தோட்டைக் கட்டிக் கொடுத்த ஆசாரியிடம் கொண்டு போனேன்.

லூப் என்ற சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அம்மணி, இதுக்கு சர்டிபிகேட் இருக்குதுங்களா? விளிம்புல நம்பரக் காணோமுங்களே" என்றார். பிறகு என் கையில் லூப்பைக் கொடுத்து, மோதிரத்தைச் சற்றுச் சாய்த்து, மேலிருந்து கல்லுக்குள்ளே அடிப்பக்கத்துப் பட்டைகளைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு பட்டையின் ஓரமும் இரண்டு இரண்டு கோடாகத் தெரிந்தது. "வைரத்துல இப்படி ரெட்டையாத் தெரியாதுங்க. இது மாய்ஸனைட்டுங்க."

அவர் அடுத்துச் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. "நான் இதுல கை வைக்க மாட்டேனுங்க. நகத்தை ஒதுக்கினா, நாங்கதான் கல்லை மாத்தினோம்னு அவிங்க சொல்லிருவாங்க. அப்படியே லேபுக்குக் கொண்டு போங்க." கல்லைக் கழற்றாமலே ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்து மாய்ஸனைட் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைத் தம்பியிடம் காட்டிய இரவு அவன் எதுவும் பேசவில்லை. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டான்.

கடையில் எதிர்பார்த்ததுபோலவே, வெளியில் மாற்றியிருப்பீர்கள் என்றார்கள். நகங்களில் கைபட்ட தடயமே இல்லை என்று பரிசோதனை அறிக்கையைக் காட்டிய பிறகு, எங்கள் கண்முன்னே கழற்றி எடை போடுங்கள், நாங்கள் வீடியோ எடுக்கிறோம் என்றோம். தராசில் 0.93 கேரட் வந்தது. மாய்ஸனைட் வைரத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே 6.5 மில்லிமீட்டர் அகலக் கல் எடையில் குறையும். கண்ணுக்கு அளவு ஒன்றுதான், தராசில் மட்டும்தான் வித்தியாசம். வேறு மோதிரம் தருகிறோம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டோம், முடியாது என்றார்கள்.

பில்லை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். மோதிரத்தின் மொத்த எடைக்கும் தங்க விலை போட்டிருந்தார்கள், கல் எடையைக் கழிக்கவே இல்லை. ஐந்து கேரட் ஒரு கிராம், அதனால் ஒரு கேரட்டுக்கு 0.2 கிராம்தான் வித்தியாசம். ஆனாலும் கல்லைத் தங்க விலைக்கு விற்றிருக்கிறார்கள். திரும்ப எடுத்தால் 80 சதவீதம் தருவோம் என்று வாயால் சொன்னதும் பில்லில் இல்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், லேப் வைரத்துக்கு மறுவிற்பனை மதிப்பு கிடையாது என்று இருந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது. கல்லின் விலையை மட்டும் திருப்பித் தந்தார்கள். செய்கூலியையும் தங்கத்தில் கூடுதலாக எடுத்ததையும் தரவில்லை, அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதனால் ஏமாந்தவர்கள் செலவுக்குப் பயந்து சும்மா இருக்காதீர்கள்.

இப்போது வாங்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். கர்டில் என்று சொல்கிற கல்லின் இடுப்பு விளிம்பில் இருக்கும் எண்ணை நீங்களே லூப்பில் படியுங்கள். கல் தனியாக இருக்கும்போது ஒருமுறை, மோதிரத்தில் பதித்து வந்த பிறகு இன்னொருமுறை. எங்களுக்குக் கல் மாறியது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள 15 நாளில்தான் என்று நினைக்கிறேன். பட்டறையிலா கடையிலா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எண்ணையே போலியாகப் பொறித்த கற்களும் உலகில் பிடிபட்டிருக்கின்றன, அதனால் சான்றிதழில் இருக்கும் மில்லிமீட்டர் அளவுகளையும் எடையையும் கல் பதிக்கும் முன்பே ஒப்பிட்டு, சான்றிதழ் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேறொரு கடையில் மறுபடியும் லேப் வைரமே வாங்கினோம். அத்தையும் கூட வந்தார். மோதிரம் பதித்து வந்த அன்று தம்பி சான்றிதழைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் லூப்பில் எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தாள். கடைசி இரண்டு இலக்கங்கள் ஒரு நகத்துக்கு அடியில் மறைந்திருந்தன. கல்லைச் சற்றுத் திருப்பிப் பதித்துத் தரச் சொன்னோம். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். அவள் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து வாசித்தாள்.