பழ ஈ பாக்க வாங்குன 10 மடங்கு லென்ஸ், நாலு ஸ்டார்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதுக்கு முன்னாடி போன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி ஏமாந்தவன் நான், டப்பால 30 மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், வச்சுப் பாத்தா நடுவுல மட்டும் தெரியும், ஓரமெல்லாம் ஊதா கலர்ல கலங்கிக் கெடக்கும். இது நகைக்கடையில கல்லு பாக்குறாங்களே அந்த மாதிரி மடக்கு லென்ஸ். உள்ள மூணு கண்ணாடி ஒட்டுனது, வெறும் 10 மடங்குதான், ஆனா ஓரம் வரைக்கும் சுத்தம்.

மாந்தோப்புல மெத்தில் யூஜினால் (ஆண் பழ ஈய இழுக்குற வாசன மருந்து) ட்ராப் வச்சிருக்கேன், அதுல விழறதெல்லாம் ஒரே ஈன்னுதான் இத்தன நாள் நெனப்பு. லென்ஸ் வந்த அன்னிக்கு வெள்ளப் பேப்பர்ல கொட்டிப் பாத்தா மூணு ரகம்! றெக்கையோட முன் ஓரத்துல கருப்புக் கோடு நுனி வரைக்கும் அறாம போச்சுன்னா டார்சாலிஸ். நடுவுல அறுந்து நுனியில மட்டும் ஒரு பொட்டு இருந்தா அது ஜோனேட்டாவாவோ கரெக்டாவாவோ இருக்கும். இந்த ரெண்டையும் பிரிக்க மூஞ்சியப் பாக்கணும், ரெண்டு கருப்புப் புள்ளி தனித்தனியா இருந்தா ஜோனேட்டா, ரெண்டும் சேந்து மீச மாதிரி குறுக்க ஓடுனா கரெக்டா. முதுகும் ஜோனேட்டாவுக்கு செம்பழுப்பு, கரெக்டாவுக்கு கருப்பு.

இதத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறன்னு வீட்டுல கேட்டாங்க. நியாயம்தான், மூணும் ஒரே லூருக்குத்தான், அதாவது ட்ராப்ல வச்ச அந்த வாசன மருந்துக்குத்தான் வருது. ஆனா பாவக்காய் பந்தல்லதான் லென்ஸ் காசு தேறுச்சு, அங்கயும் மாம்பழ லூரையே தொங்கவிட்டு ஒரு சீசன் முழுக்க ட்ராப் காலி, காய் மட்டும் சொத்தையாயிட்டே இருந்துச்சு. சொத்தக் காய மணல் போட்ட டப்பால மூடி வச்சேன், ரெண்டு வாரத்துல வெளிய வந்த ஈயப் பாத்தா முதுகுல மூணு மஞ்சக் கோடு, மாம்பழ ஈக்கு ரெண்டு ஓரத்துல மட்டும்தான் இருக்கும், இதுக்கு நடுவுலயும் ஒண்ணு. குக்கர்பிட்டே, பாவக்காய் மாதிரி கொடிக்காய்ல விழற பழ ஈ! அது மெத்தில் யூஜினால் பக்கமே வராது, கியூ லூர்ங்கிற வேற வாசன மருந்துக்குத்தான் வரும், அதுவும் ஆண் ஈ மட்டும்.

கலர மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க, செத்துக் காஞ்சா மஞ்ச மங்கிடும், டார்சாலிஸுக்கு முதுகு கலர் ஈக்கு ஈ மாறும். ஆப்பிரிக்காவுல 2005ல இன்வேடன்ஸ்னு புதுப்பேர் வச்ச ஈயவே 2015ல இதுவும் டார்சாலிஸ்தான்னு சேத்துட்டாங்க, ஆராய்ச்சி பண்றவங்களுக்கே அந்தப் பாடு.

குறைன்னா, ஈய லென்ஸுக்கு ஒரு இன்ச் கிட்ட கொண்டு வரணும், உசுரோட இருந்தா நடக்காது, பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல போட்டு எடுங்க (டப்பாவுல போட்டு, வீட்டுல சொல்லிட்டு). லைட் கெடையாது, வெயில்ல நின்னுதான் பாக்கணும். ஒரு ஸ்டார் கொறச்சது மடக்குற எடத்துல இருக்குற திருகுக்கு, மூணாம் மாசமே லூசாயிடுச்சு, இப்ப நூல் சுத்தி வச்சிருக்கேன்.