ஆப்டிகல் நேவிகேஷனா, மின்காந்த நேவிகேஷனா? சைனஸுக்கு ஒரு கணக்கு, காதுக்கு வேறு கணக்கு

மூக்கு, காது அறுவையின்போது கருவியின் நுனி எங்கே இருக்கிறது என்று நோயாளியின் ஸ்கேனில் காட்டுவதுதான் நேவிகேஷன். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வரும் கேள்வி, கேமரா வைத்துப் பின்தொடரும் ஆப்டிகல் நல்லதா, காந்தப்புலம் வைத்துப் பின்தொடரும் மின்காந்தம் நல்லதா என்பதுதான். நானும் பல வருடங்கள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் வைத்து அறுவை செய்த பிறகு சொல்கிறேன்: சைனஸுக்குள் துல்லியம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒழுங்காகச் செய்தால் இரண்டிலுமே பிழை ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். வித்தியாசம் தெரிவது கையில் பிடித்து வேலை செய்யும்போது. அதைவிடப் பெரிய வித்தியாசம், நோயாளியின் தலையை அவருடைய ஸ்கேனோடு எந்த முறையில் பொருத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

ஆப்டிகலில் ஒரு அகச்சிவப்புக் கேமரா கருவியின் பிடியில் இருக்கும் உருண்டைகளையும் நோயாளியின் தலையில் மாட்டிய டிராக்கரையும் (தலை நகர்வதைக் காட்டும் அடையாளம்) ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு கை வந்தால் போச்சு. ஒரு உருண்டையில் ரத்தம் பட்டாலும் தடுமாறும். மூக்கு வழியாக மண்டையோட்டு அடித்தளத்துக்குப் போகும்போது நான்கு கைகள் அந்தச் சின்ன இடத்தில் வேலை செய்கின்றன, ஒருவர் எண்டோஸ்கோப், இன்னொருவர் ட்ரில்லும் சக்ஷனும் (உறிஞ்சு குழாய்), கேமராவுக்கு வழிவிடச் சொல்லிச் சொல்லியே பாதி நேரம் போகும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. கேமரா பார்ப்பது பிடியைத்தான், நுனியை அல்ல. நுனி இன்ன இடத்தில் இருக்கும் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்கிறது. கருவி லேசாக வளைந்திருந்தால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, நுனி மட்டும் தப்பான இடத்தில் தெரியும்.

மின்காந்தத்தில் இந்தத் தொல்லை இல்லை. கருவியின் நுனிக்கு அருகிலேயே காந்தப்புலத்தை உணரும் ஒரு சிறு சுருள் இருக்கும், அதனால் வளைக்கக்கூடிய சக்ஷனைக்கூட நெற்றி எலும்பிலுள்ள ஃப்ரான்டல் சைனஸுக்குள் விட்டு இடம் பார்க்கலாம். தலையை ஊசிக் கிளாம்பில் இறுக்க வேண்டிய அவசியமும் இல்லை, நெற்றியில் ஒரு டிராக்கரை ஒட்டினால் போதும். குழந்தைகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் உலோகம் அதற்கு ஆகாது. கிளாம்ப், ரிட்ராக்டர், ட்ரில் மோட்டார் எது பக்கத்தில் வந்தாலும் காந்தப்புலம் கோணிப்போகும். இப்போதைய கருவிகள் புலம் கெட்டால் எச்சரிக்கின்றன, சரி, ஆனால் கொஞ்சமாகக் கெடும்போது எல்லா நேரமும் எச்சரிக்கும் என்று நம்பி பார்வை நரம்பின் பக்கத்தில் நான் கை வைக்க மாட்டேன். ஒட்டிய டிராக்கர் தோலோடு சேர்ந்து நகர்வதும் உண்டு.

இனி ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது தலையை ஸ்கேனோடு பொருத்துவது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் பிழையில் பெரும்பங்கு பிறப்பது இங்கேதான். பொருத்தி முடித்ததும் திரையில் ஒரு எண் வரும், 0.8 மில்லிமீட்டர் என்றோ 0.6 என்றோ. பார்த்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த எண் நாம் தொட்டுக் காட்டிய புள்ளிகள் தங்களுக்குள் எவ்வளவு நன்றாகப் பொருந்தின என்பதைத்தான் சொல்கிறது. நாம் வேலை செய்யப்போகும் ஆழத்தில் எவ்வளவு தவறு இருக்கிறது என்பதை அது சொல்லவே இல்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை இத்துறை ஆய்வாளர் ஃபிட்ஸ்பேட்ரிக் கணித ரீதியாகவே காட்டியிருக்கிறார். எனக்கே ஒரு முறை நடந்தது: எண் அருமையாக இருந்தது, மூக்கின் பின்னால் ஆழத்தில் இருக்கும் ஸ்பினாய்டு சைனஸின் முன்சுவரில் புரோபை (தொட்டுக் காட்டும் கருவி) வைத்தால் திரையில் அது எலும்பைத் தாண்டி உள்ளே நின்றது. கண்ணுக்கு முன்னால் எலும்பு தெரிந்ததால் தப்பித்தோம், மறுபடி பொருத்தினோம்.

ஏன் அப்படி ஆகிறது? முகத்தின் தோலைத் தடவிப் பொருத்தும் முறையில் புள்ளிகள் எல்லாம் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கண்ணோரத்திலும்தான் இருக்கின்றன. அங்கே 1 டிகிரி கோணப் பிழை இருந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. 70 மில்லிமீட்டர் உள்ளே போனால் அதுவே 1.2 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டரில் 1.7க்கு மேல். அதோடு மயக்க மருந்துக்குப் பிறகு கண்ணில் ஒட்டிய டேப், முகத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் டியூப் எல்லாம் தோலை ஸ்கேன் எடுத்தபோது இருந்தபடி இருக்க விடாது. ஆனாலும் இந்த முறை வேகமாக முடியும், உடம்பில் எதையும் குத்த வேண்டாம், அதனால் சாதாரண சைனஸ் அறுவைக்கு இதுவே போதும்.

காதுக்கு இது போதவே போதாது. காதுக்குப் பின்னாலுள்ள மேஸ்டாய்ட் எலும்பு முகத்திலிருந்து எங்கோ பக்கவாட்டில், பின்னால் இருக்கிறது. அங்கே தேவைப்படும் துல்லியமும் வேறு தரம்: காக்ளியர் இம்ப்ளான்டுக்கு (உட்செவியில் வைக்கும் கேட்கும் கருவி) போகும்போது முக நரம்புக்கும் சுவை நரம்பான கோர்டா டிம்பானிக்கும் நடுவிலுள்ள இடைவெளியே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான், அதில் 2 மில்லிமீட்டர் பிழையுள்ள வழிகாட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெர்ன் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ரோபோ முறையில் அந்த இடைவெளி வழியாக 1.8 மில்லிமீட்டர் ட்ரில்லை விட்டார்கள் என்றால், அதற்கு அவர்கள் தோலை நம்பவில்லை. எலும்பில் திருகுகளைப் பதித்து ஸ்கேன் எடுத்தார்கள், நடுவழியில் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள், முக நரம்பையும் கண்காணித்தார்கள். எலும்புத் திருகை வைத்துப் பொருத்தினால் பிழை அரை மில்லிமீட்டர் அளவுக்கு வரும், ஆனால் நோயாளிக்குக் கூடுதல் காயம், கூடுதல் ஸ்கேன். அறுவை அரங்கிலேயே சிடி எடுத்துத் தானாகப் பொருத்திக்கொள்ளும் முறை தோலுக்கும் திருகுக்கும் நடுவே நிற்கிறது: மனிதக் கையின் தவறு குறையும், கதிர்வீச்சும் நேரமும் கூடும். மண்டையோட்டு அடித்தளக் கட்டிகளுக்கு வசதி இருந்தால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான், ஏனென்றால் நடுவில் இன்னொரு படம் எடுத்து எவ்வளவு எலும்பு எடுத்திருக்கிறோம் என்றும் பார்த்துக்கொள்ளலாம். வழக்கமான நேவிகேஷன் காட்டுவது அறுவைக்கு முன் எடுத்த படம்தான். கட்டியை எடுக்க எடுக்க உள்ளே மென்திசு இறங்கி வருவது அதற்குத் தெரியாது. எலும்பு நகராது என்பதால்தான் இந்த ஏற்பாடே நமக்கு ஓரளவு உதவுகிறது. மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனியின் பக்கத்தில் போகும்போது டாப்ளர் புரோபை வைத்து ரத்த ஓட்டத்தின் ஓசை கேட்பது, காதில் நரம்பு மானிட்டர், இவை அந்த நொடியின் நிலையைச் சொல்கின்றன. இவற்றை விட்டுவிட்டு நேவிகேஷனை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆக என் தேர்வு இப்படி. குழந்தைகளின் சைனஸ், ஏற்கெனவே அறுவை செய்து அடையாளங்கள் அழிந்த ஃப்ரான்டல் சைனஸ் என்றால் மின்காந்தம். தலையைக் கிளாம்பில் இறுக்கி, மைக்ராஸ்கோப்பும் உலோகமும் நிறைய வரும் நீண்ட கட்டி அறுவை என்றால் ஆப்டிகல். முதல் முறை செய்யும் எளிய சைனஸ் அறுவைக்கு இரண்டுமே கட்டாயமில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை அகாடமியும் இதை அறுவை மருத்துவரின் முடிவுக்கே விடுகிறது. காதில், எலும்பைப் பிடித்துப் பொருத்த வழியில்லை என்றால் நேவிகேஷனை ஒரு தோராயமான வரைபடமாகத்தான் பார்ப்பேன், கை போவது காதுக்குள் இருக்கும் அடையாளங்களான பக்கவாட்டு அரைவட்டக் குழாயையும், இன்கஸ் என்ற சிறு எலும்பின் குட்டை முனையையும் கண்ணால் பார்த்துத்தான்.

எந்தக் கருவியானாலும், கண்ணுக்குத் தெரியும் எலும்பு அடையாளத்தைத் தொட்டு ஸ்கேனின் மூன்று தளங்களிலும் சரிபார்க்கிறேன், ஆரம்பத்தில் ஒரு தடவை, ஆபத்தான இடத்துக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும். அப்புறம் ஸ்கேன். துண்டின் தடிமன் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, மூக்கின் நுனியும் நெற்றியும் படத்தில் முழுசாக இருக்க வேண்டும். மூக்கு நுனி வெட்டுப்பட்டு வந்த ஸ்கேனை மேசையில் நோயாளி மயங்கிய பிறகு கவனிப்பது பெரிய கொடுமை, அதை முந்தின நாளே திறந்து பார்த்துவிடுங்கள்.