ட்ராப்பா, ஸ்கீட்டா? டெல்லியில் ஷாட்கன் பழகப்போகும் பிள்ளைக்கு எது முதலில்

ட்ராப், ஸ்கீட் இரண்டும், சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கியால் பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டிகள். எதை முதலில் பழகுவது என்று தேர்ந்தெடுப்பதில் டெல்லியில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வசதி உண்டு. 1982 ஆசிய விளையாட்டுக்காக அமைக்கப்பட்ட துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளத்தில் ட்ராப், ஸ்கீட் இரண்டுக்குமே களம் இருப்பதால், ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ, வீடு எங்கிருந்தாலும், தொலைவைப் பற்றி யோசிக்காமல் பிள்ளையின் தோளையும் கண்ணையும் வீட்டு வரவு செலவையும் வைத்தே முடிவெடுக்கலாம்.

ட்ராப்பில் சுடுபவர் நிற்கும் ஐந்து நிலைகள் ஒரே வரிசையில் இருக்கும். அவற்றுக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் மறைந்திருக்கும் இயந்திரங்கள் தட்டை எறியும். அது இடம், வலம், நேர் என எப்பக்கம் பாயும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆனால் துப்பாக்கியை முதலிலேயே தோளில் பொருத்திக்கொண்டு, தட்டை எறியச் சொல்லிக் குரல் கொடுக்கலாம், தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்களும் உண்டு. ஏறத்தாழ மூன்றரை கிலோ எடையைத் தாங்கும் மெலிந்த பிள்ளைக்கு இவை பெரிய சலுகைகள்.

ஸ்கீட் இதற்கு நேர் எதிர். எட்டு நிலைகள், இரு பக்கமும் உயரமும் தாழ்வுமாகத் தட்டை எறியும் இரண்டு கூண்டுகள், தட்டுகள் பறக்கும் பாதையோ எப்போதும் ஒன்றே. தட்டு கண்ணில் படும் வரை துப்பாக்கியின் அடிக்கட்டை (தோளில் பதியும் பின்பகுதி) இடுப்பளவில் இருக்க வேண்டும் என்பதும், குரல் கொடுத்த பின் தட்டு மூன்று விநாடி வரை தாமதிக்கலாம் என்பதும், தட்டுக்கு ஒரே தோட்டா என்பதும்தான் கடினம்.

போட்டி விதியைப் பார்த்தால் ட்ராப்பே எளிது. கற்பதற்கோ ஸ்கீட் களம் மேல் என்பது என் கருத்து. ஏழாம் நிலையில் நிற்கும் பிள்ளைக்குத் தாழ்ந்த கூண்டின் தட்டு ஏறக்குறைய நேராக விலகிச் செல்லும். அதையே திரும்பத் திரும்ப எறியச் செய்து, துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே சுடப் பழக்கிவிட்டு, பிறகு நான்காம் நிலையில் தட்டுக்கு எவ்வளவு முன்னால் குறி வைப்பது என்று கற்பிக்கலாம். இடுப்பிலிருந்து தூக்குவதைத் தோள் வலுத்த பின் சேர்த்தால் போதும். செலவும் இங்கே குறைவு: 25 தட்டுச் சுற்றுக்கு 25 தோட்டாக்கள், முதல் குறியை அடிக்கடி தவறவிடும் புதியவருக்கு ட்ராப்பில் அது ஐம்பதை நெருங்கும்.

புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியது ட்ராப் என்பதால் நம் வீடுகளில் அதன் மீது தனிப் பிரியம் இருப்பது இயல்பே. ஆனால் அது களத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகாது.

முதலில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள் என்போரும் உண்டு. துப்பாக்கி கையாளும் ஒழுக்கம் அதில் வரும். ஆனால் அசையாமல் நின்று விசையை மெல்ல அழுத்தும் பழக்கத்தை ஷாட்கனில் மறக்கவேண்டியிருக்கும்.

எந்தக் களமானாலும் ஆதிக்கக் கண் (குறி பார்க்கையில் மூளை அதிகம் நம்பும் கண்) எது என்று முதலிலேயே சோதிக்க வேண்டும். இரு கண்ணும் திறந்து சுடும் இவ்விளையாட்டில், வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால் குறி விலகும். தொடக்கத்திலேயே இடத்தோளுக்கு மாற்றுவது பின்னர் மாற்றுவதைவிட எளிது. 21 வயதுக்கு முன் சொந்த உரிமம் கிடையாது என்பதால், பயிற்சியாளர் மேற்பார்வையில், அடிக்கட்டை குட்டையான துப்பாக்கியில் பழகட்டும். நீளம் பொருந்தாத கட்டை கன்னத்தில் இடித்தால் பிள்ளை சுடும்போதே கண்ணை மூடத் தொடங்கிவிடும்.