ராத்திரி லென்ஸும் குழாய்த் தண்ணீரும்

போன வாரம் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கும்போது பையனின் இடது கான்டாக்ட் லென்ஸ் உடைந்துவிட்டது. அதே வாரம் தங்கை, தன் மகளுக்கும் இந்த ஆர்த்தோ-கே, அதாவது ராத்திரி மட்டும் மாட்டும் லென்ஸ், போடலாமா என்று கேட்டாள். இரண்டு வருடம் புழங்கியதை வைத்துச் சொல்கிறேன்.

அவனுக்கு ஒன்பது வயதில் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 2.5. ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கினால் இந்த லென்ஸ் கருவிழியின் நடுவைக் கொஞ்சம் தட்டையாக்கும், பகலெல்லாம் கண்ணாடி வேண்டாம்.

என்னைப் படுத்தியது தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட லென்ஸில் படக்கூடாது. தண்ணீரில் இருக்கும் அகந்தமீபா கிருமி லென்ஸ் வழியாகப் போய்க் கருவிழியைப் புண்ணாக்கினால் பார்வையே போகலாம். சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வருகிற அன்று பிடித்து, தொட்டியில் நிரப்பிப் புழங்குகிறவர்கள் நாங்கள். எதையும் நாலு தடவை அலசினால்தான் சுத்தம் என்று வளர்ந்த வீடு. ஒருநாள் மாமியார் லென்ஸ் டப்பாவைப் பாத்திரத்தோடு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பேரன் மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தார். நான் கத்திவிட்டேன், அப்புறம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டோம். இன்றைக்கும் கை கழுவிவிட்டு ஈரம் போகத் துடைத்தாயா என்று தினமும் ராத்திரி கேட்கிறேன். அவனுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு.

பலன் இல்லையா? இருக்கிறது. கண் நீள நீளத்தான் மைனஸ் பவர் ஏறும். 2012இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், கண்ணாடி போட்ட குழந்தைகளின் கண் இரண்டு வருடத்தில் 0.63 மில்லிமீட்டர் நீண்டது, இந்த லென்ஸ் போட்டவர்களுக்கு 0.36. பையனின் பவரும் முன்போல ஏறவில்லை. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலைக் காட்சிமுனையில் நின்று, "அம்மா, கீழே வளைவில் லாரி திரும்புது பாருங்க" என்று வெறுங்கண்ணால் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் லென்ஸ் உடைந்த மூன்றாம் நாளே, "இடது கண்ணை மூடினாத்தான் போர்டு தெரியுது" என்று வந்து நின்றான். நிறுத்தினால் பழைய பவர் திரும்பிவிடும் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

தங்கச்சி, உன் மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் இரண்டு பேருமே வேலை முடிந்து வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிறது. அதற்குமேல் இந்தக் காவல் காக்க யாரால் முடியும்? முதலில் டாக்டரிடம், பவர் ஏறுவதை மெதுவாக்கப் போடும் அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிக் கேள்.

எங்களுக்குப் புது இடது லென்ஸ் வந்துவிட்டது. இன்று ராத்திரி மாட்டுகிறோம்.