கசிவை அடைத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் அணையை ஒப்படைக்காதீர்கள்

சொந்தமாகச் சிறிய பாசன அணை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய அணைகளுக்கு ஆய்வு, பதிவேடு, பொறுப்புப் பொறியாளர் என்று ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கும். நம் அணைகள் அப்படியில்லை. பல நாடுகளில் உயரமோ கொள்ளளவோ ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கட்டாய ஆய்வு வரும். அதற்குக் கீழே இருந்தால் கரையை யார் தொட்டார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்க ஆளில்லை. எனக்கு வாய்த்தது போன்ற ஆட்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

எங்கள் அணை பழைய மண்கரை. நடுவில் மதகுக் குழாய், ஒரு ஓரத்தில் உபரிநீர் வெளியேறும் கலிங்கு. குழாய் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில், வெளிச்சரிவின் அடியில், எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். தேக்கம் நிரம்பினால் ஈரம் பரவும், குறைந்தால் சுருங்கும். இதைப் பார்த்துச் சொல்லத்தான் அணைப் பழுது பார்ப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் கரைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார், படம் எடுத்தார். அடிவாரத்தில் இறங்கி நின்ற நேரம் மிகக் குறைவு. குழாய் எதனால் செய்தது, எப்போது போட்டது என்று கேட்கவே இல்லை. “கசிவை அடைத்துவிட்டால் தண்ணீரும் வீணாகாது, கரையும் பலமாகிவிடும்” என்றார்.

வேலை மளமளவென்று முடிந்தது. ஈரமான இடத்தில் களிமண்ணை அப்பி, அதன்மேல் கான்கிரீட் பூசினார்கள். கரையடியில் பழைய வடிகால் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது, அதையும் கசிவு என்று சொல்லி அடைத்தார்கள். கரையில் வளர்ந்திருந்த மரங்களைத் தரையோடு வெட்டி, வேரை அப்படியே விட்டார்கள். கடைசியாக ஒரு ‘இலவசச் சலுகை’: கலிங்கின் மேல் ஒரு வரிசை கல் கட்டி உயர்த்திக் கொடுத்தார்கள், கூடுதலாகத் தண்ணீர் நிற்குமாம். அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் சான்றிதழும் வந்தது. அதில் ஓர் அளவுகூட இல்லை.

ஈரம் காய்ந்தது உண்மை. அடுத்த மழைக்காலத்தில் தேக்கம் ஏறியதும், கான்கிரீட்டுக்கு மேலே, சரிவின் நடுப்பகுதியில் புதிதாக ஈரம் தெரிந்தது. பிறகு கரையடியைத் தாண்டித் தரையில் ஒரு சின்ன ஊற்று கிளம்பியது. தண்ணீர் கலங்கி வந்தது, வாயைச் சுற்றி நுண்மணல் வளையமாகச் சேர்ந்தது. நிறுவனத்தை அழைத்தால், “புதுவேலை படிகிறவரை அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். வற்புறுத்திக் கேட்டபோது, உத்தரவாதம் அடைத்த இடத்துக்கு மட்டும்தான், இது வேறு இடம் என்று பதில் வந்தது. பேச்சுக்கு அது சரிதான். அடைத்த இடத்தில் ஒரு சொட்டுகூட வரவில்லை.

அப்புறம் மண்கரைகளில் அனுபவமுள்ள ஒரு பொறியாளரைத் தேடிப் பிடித்தோம். அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் இந்த மாதிரி ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

மண்கரை பானை இல்லை, ஓட்டையை அடைத்தால் ஒழுகாமல் நிற்பதற்கு. எந்த மண்கரையிலும் நீர் ஊறும். ஊறிய நீர் அடியில் வடிகால் வழியாக வெளியேறினால் கரைக்குள் நீர்மட்டம் தாழ்ந்து இருக்கும், வெளிச்சரிவு உலர்ந்து உறுதியாக நிற்கும். வெளியேறும் வாயை அடைத்தால் நீர் உள்ளேயே ஏறும். மண் ஊறிப் பிடிப்பை இழந்து சரிவு வழுக்கலாம், அல்லது நீர் வேறு வழி தேடும். அப்படித் தேடும்போது மண்துகளையும் இழுத்துக்கொண்டு வந்தால் அதுதான் உள்ளரிப்பு. வெளிவாயில் தொடங்கி, சிறு குழாய்போலக் கரைக்குள் பின்னோக்கித் தோண்டிக்கொண்டே போகும். தேக்கத்தை எட்டிவிட்டால் அதன் பிறகு நேரம் கிடைக்காது. உலகில் உடைந்த மண் அணைகளில் ஏறக்குறைய பாதி கரைமேல் நீர் வழிந்து உடைந்தவை, மீதியில் பெரும்பகுதி இந்த உள்ளரிப்பால் போனவை.

எவ்வளவு வேகம் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணையே சாட்சி. அரசு கட்டிய பெரிய அணை, 1976-ல் முதல் தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவு பெரிதானது, புல்டோசர்கள் மண்ணைத் தள்ளி அடைக்கப் பார்த்து அவையே துளைக்குள் விழுந்தன, நண்பகலுக்குள் அணை இல்லை. 11 பேர் இறந்தார்கள். பொறியாளர்கள் சூழ்ந்து நிற்கும்போதே அப்படியென்றால், நம் கரையில் விடியற்காலையில் யார் இருப்பார்கள்?

எனக்கு அதிகம் கோபம் வந்தது கலிங்கு விஷயத்தில்தான். தேக்கத்தின் முழு நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே விடும் இடைவெளிதான் பெருமழைக்கான பாதுகாப்பு. கலிங்கை எவ்வளவு உயர்த்துகிறோமோ அந்த அளவுக்கு இடைவெளி குறையும், வெள்ளம் கரைமேல் ஏறினால் மண் அரித்துக்கொண்டு போய்விடும். ஹவாயில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டுத் தனியார் கையில் இருந்த கா லோகோ அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேரைக் கொன்றது. அந்த விசாரணையில் பெரிதாக எழுந்தது, கலிங்கு மண்போட்டு மூடப்பட்டதா என்ற கேள்வி. கென்யாவின் சோலாயில் 2018 மே மாதம் ஒரு தனியார் பண்ணை அணை இரவில் உடைந்தபோது 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய தொழிலில் இருப்பவர், கலிங்கை உயர்த்துவதைச் சலுகை என்று தருகிறார்.

எங்கள் அணையில் பொறியாளர் முதல் வேலையாகக் கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்களுக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் தகவல் சொல்ல வைத்தார். ஊற்றின்மேல் மண்ணைக் கொட்டாமல், முதலில் பெருமணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று அடுக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் நீர் வெளியே வரும், மண் உள்ளேயே நிற்கும். தேக்கத்தை மெதுவாகக் குறைத்தோம். அவசரப்பட்டுத் திறந்தால் ஊறிய உட்சரிவு தாங்க நீரில்லாமல் சரிந்துவிடுமாம். பிறகு தோண்டிப் பார்த்தால், துருப்பிடித்த இரும்புக் குழாயின் மூட்டுகள் விட்டுப்போய், குழாயை ஒட்டி மண்ணே இல்லாமல் வெற்றிடம். மதகுக் குழாயின் அடிப்பக்கத்தில் மண்ணைச் சரியாக இறுக்குவது கடினம், அதனால் நீர் விரும்பி ஓடும் பாதை அதுதான் என்றார். முதலில் வந்தவர் பார்த்திருக்க வேண்டிய இடமும் அதுதான். விட்டுப்போன வேர்கள் மக்கினால் அவையும் நீருக்குப் பாதைதான். அவற்றையும் தோண்டியெடுத்து, குழிகளில் மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இறுக்கினோம். குழாய் மாற்றி, சுற்றிலும் மணல் வடிகட்டி வைத்து, வடிகாலைத் திறந்து, கலிங்கின் மேல் கட்டியதை இடித்தோம். செலவு முதல் வேலையைவிடப் பல மடங்கு.

இப்போது வடிகாலில் நீர் வருகிறது, தெளிவாக. அதன் வாயில் ஒரு வாளியை வைத்து எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று நீர்மட்டத்தோடு சேர்த்துக் குறித்துவைக்கிறோம். நீர்மட்டம் மாறாமல் இருக்கும்போது வரத்து கூடினாலோ, நீர் கலங்கினாலோ, நின்றே போனாலோ உடனே அழைக்கச் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் யாராவது பழுதுபார்க்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அடைத்த நீர் எங்கே போகும்? மதகுக் குழாயின் உட்புறத்தைக் கேமரா விட்டுப் பார்த்தீர்களா? எவ்வளவு மழைக்குக் கலிங்கு தாங்கும் என்று கணக்குப் போட்டீர்களா, போட்டிருந்தால் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவீர்களா? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் ‘முன்’ என்று ஈரமான கரையும் ‘பின்’ என்று காய்ந்த கரையும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் எங்கள் கரைதான். அந்தப் படங்களை நீக்கச் சொல்லியும் அதே நோட்டீஸில் சேர்த்திருக்கிறோம்.