எண்டோகிரைன் (ஹார்மோன்) ஓபி ரிவியூ: டாக்டருக்கு 5 ஸ்டார், வார்டுக்கு 3

மதுரையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, பேர் வேணாம். அக்காவுக்கு திடீர் திடீர்னு தலைவலி, படபடப்பு, நைட்டி நனையிற அளவுக்கு வேர்வை, அந்த நேரம் பிபி பாத்தா 200ஐ தாண்டும், கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி நார்மல் ஆயிடும். முன்னாடி போன இடத்துலலாம் டென்ஷன், மெனோபாஸ்னு தூக்க மாத்திரை எழுதுனாங்க, ஒருத்தர் எக்கோ எடுத்துட்டு யோகா பண்ணுங்கன்னுட்டார்.

இங்க டாக்டரம்மா முதல்ல கேட்டதே "மூணும் சேந்து வருதாம்மா?"ன்னுதான். அடுத்து, வீட்ல யாருக்காச்சும் தைராய்டு கேன்சர் இருந்துச்சான்னு. கிட்னிக்கு மேல உள்ள அட்ரினல் சுரப்பில வர்ற கட்டி, ஃபியோக்ரோமோசைட்டோமான்னு ஓபி சீட்டு பின்னாடியே படம் போட்டு காட்டுனாங்க, சில குடும்பத்துல இதுவும் ஒரு வகை தைராய்டு கேன்சரும் சேந்து வருமாம். 24 மணி நேர யூரின்ல மெட்டாநெஃப்ரின் (அந்தக் கட்டி விடுற ஹார்மோன் உடைஞ்சு வர்ற பொருள்) டெஸ்ட், அப்புறம்தான் சிடி. ஆபரேஷனுக்கு முன்னாடி ஆல்ஃபா பிளாக்கர் (ரத்தக்குழாயை தளர்த்துற மாத்திரை), அது செட் ஆன பிறகுதான் தேவைப்பட்டா பீட்டா பிளாக்கர் (படபடப்பைக் குறைக்கிற மாத்திரை), வரிசை மாறினா பிபி எகிறிடுமாம். அந்த ஆல்ஃபா மாத்திரையால பிபி ரொம்ப இறங்கிடாம இருக்க உப்பு, தண்ணி தாராளமா எடுத்துக்க சொன்னாங்க, பிபிக்காரிக்கு உப்பான்னு அம்மா சண்டைக்கே போயிட்டாங்க!

ஆனா வார்டு வேற கதை. வாந்திக்கு டியூட்டி டாக்டர் மெட்டோகுளோபிரமைடு ஊசி எழுதிட்டார், இந்தக் கட்டி இருக்கவங்களுக்கு அது ஆகவே ஆகாது, ஃபைல்ல சிவப்பு மையில எழுதியிருந்ததை சிஸ்டர் பாத்து நிறுத்துனாங்க. அந்த சிஸ்டருக்கு தனியா 5 ஸ்டார்.

பில் கொஞ்சம் கூடதான். சனிக்கிழமை போகாதீங்க, டோக்கன் கிடைக்காது.