தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: முதலாளி இல்லாத ஹோட்டலில் அப்பாவோடு ஒரு காலை

நாகர்கோவில்காரர்களுக்கு திருவனந்தபுரம் என்றால் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிதான். நாங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவின் செக்கப்புக்காகக் காலை ரயிலில் போய் இறங்குகிறோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே பஸ் ஸ்டாண்ட், அதன் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் வட்டமாக, சுருண்டு சுருண்டு மேலே போகிற ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம், போன மாதம்தான் உள்ளே போனோம்.

கட்டடத்தை வடிவமைத்துக் கட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். உள்ளே படிக்கட்டே கிடையாது, நுழைந்ததிலிருந்து ஒரே சரிவுப் பாதை, சுற்றிக்கொண்டே ஏற வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், தரை சரிந்திருந்தாலும் மேசை மட்டமாக இருக்கிறது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், அது வழியாக வெயில் துண்டு துண்டாகத் தட்டில் விழுகிறது. முட்டி வலி உள்ளவர்களைக் கூட்டிப் போனால் கீழ்ச் சுற்றிலேயே உட்கார வைத்துவிடுங்கள். அப்பா ஒன்றரைச் சுற்று ஏறிவிட்டு, 'போதும் மக்கா' என்று உட்கார்ந்துவிட்டார்.

மசாலா தோசை, கட்லெட், இரண்டு காபி சொன்னோம். தோசைக்குள் நம் ஊர் மஞ்சள் உருளைக்கிழங்கு இருக்காது, பீட்ரூட் சேர்த்த சிவப்பு மசாலா, லேசான இனிப்பு. முதல் வாய்க்குக் கொஞ்சம் திகைப்பாக இருக்கும், மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். கட்லெட் நன்றாக இருந்தது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே சூடு, பக்கத்தில் வெங்காயம். காபி நம் டிகிரி காபி மாதிரி கெட்டி இல்லை, ஆனால் மணம் உண்டு. விலை எங்களை மாதிரி ஆட்கள் யோசிக்காமல் ஆர்டர் செய்யலாம் என்கிற அளவில்தான்.

ஆனால் நான் இதை எழுதுவது தோசைக்காக இல்லை.

அப்பா 28 வருஷம் ஒரு ஹோட்டலில் சப்ளையர். எந்த ஹோட்டல், யார் முதலாளி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். காலை ஐந்தரைக்குப் போனால் ராத்திரி பத்து. டம்ளர் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கஸ்டமர் கையில் கொடுக்கிற டிப்ஸ் கல்லாவில் இருக்கிற டப்பாவுக்குள் போய்விடும், மாசக் கடைசியில் அதிலிருந்து எவ்வளவு வரும் என்பது முதலாளியின் முகத்தைப் பொறுத்தது. கால் நரம்பு சுருண்டு நிற்க முடியாமல் போனபோது, 'சரி, வீட்ல ரெஸ்ட் எடு' என்று சொல்லி அந்த மாதச் சம்பளத்தோடு ஒரு வேஷ்டி கொடுத்து அனுப்பினார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தாலே, ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு, வேலையை விடும்போது கிராஜுவிட்டி (பணிக்கொடை) தர வேண்டும் என்று 1972-லேயே சட்டம் வந்திருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கவும் அவருக்கு வாய் வராது. முதலாளி நல்லவர் என்றுதான் இன்றைக்கும் சொல்வார், கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தாராம்.

அதனால் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அவர் கண் சாப்பாட்டில் நிற்காது, பரிமாறுகிறவர் கையில்தான் நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான். வெள்ளை யூனிஃபார்ம், தலையில் விசிறி மாதிரி விரிந்த தலைப்பாகை, ஒரே கையில் நாலு தண்ணீர் டம்ளரோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சரிவில் ஏறி வந்தார். ஓடவில்லை, கீழே கல்லாவை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா இதைத்தான் கவனித்திருக்கிறார். காபி வந்ததும் கேட்டார்: 'தம்பி, இங்க மொதலாளி யாரு?'

அவர் சிரித்துக்கொண்டே, 'முதலாளி இல்லா சாரே, ஞங்ஙள் தன்னே' என்றார். முதலாளி இல்லை, நாங்களேதான்.

அப்பா நம்பவில்லை. நான் படித்ததை அவருக்குச் சொன்னேன். முன்பு மத்திய அரசின் காபி போர்டு நடத்திய காபி ஹவுஸ்களின் வழியில் வந்தவை இவை. ஐம்பதுகளில் போர்டு அவற்றை மூடத் தொடங்கியபோது வேலை இழந்த தொழிலாளிகளைச் சேர்த்து, கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று நின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், 1958 மார்ச் 8-ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. தம்பானூர் கடை அந்தத் திருச்சூர் சங்கத்தைச் சேர்ந்தது. வேலை செய்கிறவர்களே சங்க உறுப்பினர்கள், நிர்வாகக் குழுவையும் அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேசை துடைக்கிற வேலையில் சேர்ந்தவர் படிப்படியாக ஏறி மேனேஜர் நாற்காலிவரை போக வழி உண்டு. நம் புதுச்சேரி நேரு வீதியில் இருக்கிற காபி ஹவுஸும் இதே வழியில் வந்ததுதான்.

'அப்ப டம்ளர் ஒடைஞ்சா யாரு கணக்குல எழுதுவாங்க?' என்றார் அப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் 28 வருஷத்தில் அவருக்கு மனதில் ஆழமாகத் தங்கிப்போனது அந்த டம்ளர்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது, தொண்டை அடைத்துவிட்டது.

கூட்டுறவு என்றால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை, எந்தச் சங்கத்திலும் சண்டை இருக்கும், தேர்தல் இருந்தால் அரசியலும் இருக்கும். ஆனால் 'முதலாளி இல்லாமல் கடை நடக்குமா, ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே' என்று நம் ஊரில் பேசுகிறவர்கள் ஒருநாள் காலை எட்டு மணிக்கு இந்தச் சரிவில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேரளத்தில் இந்தக் காபி ஹவுஸ்கள் 65 வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்துகொண்டிருக்கின்றன. வேலைக்காரனை மிரட்டினால்தான் கஸ்டமருக்குச் சூடாகச் சாப்பாடு வரும் என்பது பொய், எங்களுக்குச் சூடாகவே வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா தட்டு, கிண்ணம், டம்ளர் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எடுக்க வசதியாக மேசை ஓரத்தில் வைத்தார். வந்தவர் அந்த அடுக்கைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், 'சாரும் ஹோட்டல்லயா?' என்று கேட்டார். அப்பா 28 வருஷம் என்றார். அப்புறம் அந்த மனிதர் டிரேயைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்று பேசினார், கால் வலி, நரம்பு, எந்த டாக்டர் என்று. கீழேயிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அடுத்த செக்கப் தை மாதம். பீட்ரூட் தோசை வேண்டாம், ஆம்லெட்டும் பிரெட்டும் சொல்லலாம் என்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.